வாசியில்லாக் காசு

திருச்சிற்றம்பலம்

சைவாசிரியர்களாகிய மெய்யன்பர்களே,

பண்டங்களின் விலை ஏறுதலும் உணவு அருகுதலுமாகிய இடர் வந்துற்ற காலத்தில், மாணாக்கரைப் புரக்குங் கடமை பூண்ட நாம் ஒழுகவேண்டிய முறை யாது என்பதை நம் சமயநூல் கொண்டு ஆராய்தல் இவ்வுரையின் நோக்கமாகும். விலைவாசி என்பது வணிகர்க்கும் அரசினர்க்கும் உரிய விஷயமேயன்றிச் சமயப் பிரசங்கத்துக்கு உரியதன்று எனச் சிலர் கூறுதல் கூடும். அது பொருந்தாது. வாசி என்னுஞ் சொல்லே திருத்தொண்டர் புராணத்தில் ஒரு பெருஞ் சரித்திரத்துக்கு உயிர்நிலையாய் நிற்கின்றது.

சோழநாட்டிலே திருவீழிமிழலை என்னுந் திருப்பதியில் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் திருநாவுக்கரசு நாயனாரும் அடியார் திருக்கூட்டத்தோடு எழுந்தருளியிருந்த காலத்து, மழை பொய்த்து ஆறுகள் வற்றி எங்கும் வற்கடம் பரந்தது. உயிர்கள் பசியால் வருந்துதல் கண்டு நாயன்மாரிருவரும் சிவபெருமான் திருவடிகளை நினைந்து துயின்றபோது, பெருமான் கனவிலே தோன்றி, அவர்தம் உள்ளம் காலவேற்றுமையால் வாடாதாயினும் அவரைச் சார்ந்த அடியவர் பொருட்டு நாடோறும் ஒவ்வொரு காசு தருவதாக அருளிச்செய்தார். அவ்வாறே ஆலயத்தின் கீழைப் பீடத்தில் சம்பந்தப்பெருமானுக்கும் மேலைப் பீடத்தில் அப்பர் சுவாமிகளுக்கும் காசு வைக்கப்பட்டது. இருவரும் அக்காசு கொண்டு பண்டம் வாங்குவித்து, அடியாரெல்லாரும் வந்து உண்க எனப் பறையறைவித்து, தத்தம் திருமடங்களில் இருபொழுதும் அமுதூட்டினர்.

சிலநாட் சென்றபின், அப்பர் சுவாமிகள் மடத்தில் அடியவர் உரிய வேளையில் உண்டு முடிப்பதும், தமது மடத்தில் அமுது காலந்தாழ்ப்பதும் சம்பந்தப்பெருமானுக்குத் தெரியவந்தன. அவர் சமைப்போரை அழைத்துக் காரணம் வினவினார். அவர்கள், தாங்கள் பெறுங் காசைக் கடைக்காரர் வாசி பிடித்தே ஏற்கின்றனர் என்றும், அப்பர் பெறுங் காசோ வாசியின்றிச் செல்கின்றது என்றும் விண்ணப்பஞ் செய்தனர். வாசியாவது நாணயத்தின் மாற்றுக் குறைவு நோக்கிக் கழிக்கும் வட்டம். அப்பர் கைத்திருத்தொண்டு செய்பவராதலின் அவர் காசுக்கு வட்டமில்லை என்று தெளிந்த பிள்ளையார், மறுநாள் இறைவனைப் பாடி வேண்டி, வாசி தீர்ந்த நற்காசு பெற்றார். அன்று தொட்டு அமுது தாழ்க்கவில்லை.

இனி, இச்சரித்திரத்தை நம் நாட்டுக்கு ஏற்றி நோக்குவோம். 2021ஆம் ஆண்டில் இலங்கை அரசு இரசாயன உரம் இறக்குமதியாதலைத் தடுத்தது. அத்தடை அவ்வாண்டு முடியுமுன் நீக்கப்பட்டதாயினும், அடுத்த காலபோகத்து நெல்விளைவு பெரிதுங் குறைந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 ரூபாவாக நின்ற நாணய மாற்று, மே மாதத்தில் 360 ரூபா அளவாயிற்று. இடையே ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுத்தலை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை, ஓராண்டுக்கு முன்னிருந்ததினும் நூற்றுக்கு 94.9 விகிதம் ஏறி நின்றது. அஃதாவது முன்னர் 100 ரூபாவுக்குக் கொண்ட உணவுக்கு 195 ரூபா வரையில் வேண்டியதாயிற்று. சம்பளமோ அவ்வளவிற் பெருகவில்லை. ஆசிரியர் கைக்கு வந்த காசும் கூலியாளர் கைக்கு வந்த காசும் ஒருங்கே வாசிபட்ட காசாயின. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று பொழுது கழிந்தது. எரிபொருளின்மையாற் பாடசாலைகளுஞ் சில வாரம் மூடப்பட்டன.

2023ஆம் ஆண்டில் விலை ஏறும் வேகம் தணிந்தது. ஆயினும் வேகந் தணிதல் வேறு, விலை இறங்குதல் வேறு என்பதைக் கணக்குக் கற்பிக்கும் நாம் அறிவோம். ஏறிய விலைகள் பழைய நிலைக்கு மீளவில்லை. 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் நாட்டரிசியுந் தேங்காயும் அரிதாகி விலையேறின. இவ்விடர் நம் நாட்டுக்குப் புதியதுமன்று. 1942ஆம் ஆண்டு பர்மாவை யப்பானியர் கைப்பற்றவே, அங்கிருந்து வந்த அரிசி நின்று, இலங்கையிற் கூப்பன் அரிசிக் காலந் தொடங்கிற்று. 1953ஆம் ஆண்டு பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட, அவ்வாண்டு ஆகத்து 12ஆந் திகதி நாடெங்குங் கர்த்தால் நிகழ்ந்தது. ஆகவே வற்கடம் ஒருமுறை வந்து ஒழிவதன்று, மீண்டும் மீண்டும் வருவது எனக் கொண்டே நம் ஒழுக்கத்தை வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

திருவீழிமிழலைச் சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கன மூன்று.

முதலாவது: ஞானப்பாலுண்ட பெருமான், சோறு ஏன் தாழ்த்தது என்று சமைப்போரை அழைத்துக் கேட்டார். காசின் தரத்தையுங் கடைவீதியின் வழக்கையும் விசாரித்தல் தமது பெருமைக்கு இழிவு என்று அவர் கருதவில்லை. பசித்தவன் முன் அமுது வேளைக்கு வராமை அவருக்குச் சமய விஷயமாயிற்று. அங்ஙனமாக, நம் வகுப்பில் ஒரு பிள்ளை முதலாம் பாடவேளையிலேயே மேசைமேல் தலைசாய்த்தால், சோம்பல் என்று தண்டிக்குமுன், காலையில் உண்டாயா என்று வினவுதல் நமக்குச் சிவதருமமாகும். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிள்ளை வாராதிருந்தால், இடாப்பில் வரவின்மை குறிப்பதோடு அமையாது, அவ்வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று அறிதல் வேண்டும்.

இரண்டாவது: பெருமான் அருளிய காசு நாயன்மாருடைய சேமிப்புக்கு வந்ததன்று. அன்றன்று வந்தது, அன்றன்று சோறாயிற்று. பிறர் பொருட்டுத் தரப்பட்டது பிறருக்கே சென்றது. விலை நாளை ஏறும் என்று கேட்டவுடன் இயன்றவர் மூடை மூடையாக வாங்கி அடுக்குதலும், வணிகருட் சிலர் சரக்கைப் பதுக்குதலும் இவ்வருளுக்கு மாறான செயல்கள். குடும்பத்துக்கு வேண்டிய அளவு வைத்தல் இல்லறத்தார் கடன். கொண்ட விலையோடு தம் முயற்சிக்குத் தக்க ஊதியஞ் சேர்த்து விற்றல் வணிகர்க்கு நீதி. பசியை எதிர்நோக்கிப் பண்டத்தை ஒளித்தல் பாவம். வணிகர் மக்களும் நம்மிடங் கற்கின்றனராதலின், இவ்வேறுபாட்டை அவர்க்கு விளங்கச் சொல்லுதல் நம் பொறுப்பு.

மூன்றாவதே இவ்வுரைக்கு முதன்மையானது. இரு காசும் இறைவன் தந்தனவாயின், ஒன்றுக்கு வாசியும் மற்றொன்றுக்கு வாசியின்மையும் எங்ஙனம் வந்தன? சம்பந்தர் சற்புத்திர மார்க்கத்தினர். அப்பர் உழவாரப்படை ஏந்தித் திருவீதியிற் புற்செதுக்கிய தாச மார்க்கத்தினர். மகனுக்குத் தந்தை எக்காசும் கொடுக்கலாம், உரிமையால் அவன் அதனை மாற்றியும் பெறுவான். ஏவல் செய்தவனுக்குக் கூலி குறையாது கொடுத்தல் ஆண்டானுக்கு முறை. ஈதன்றி நாயன்மாருள் ஏற்றத்தாழ்வு கற்பித்தல் நம்மனோர்க்கு அடாது. பிள்ளையாரைப்போற் பாடிக் காசு பெறும் நிலை நமக்கு இல்லை. நமக்குத் திறந்திருக்கும் வழி அப்பர் வழியாகிய கைத்தொண்டு. அரசு அச்சிடுங் காசு வாசிபடும். கையினாற் செய்யுந் தொண்டு அவ்வாறு மதிப்புக் குறைவதன்று. 2022இல் ஒருவர் நட்ட முருங்கைக் கொம்பு, டொலர் விலை நோக்கித் தளிர்க்கவில்லை.

ஆதலின் நம் பாடசாலைகளிற் செய்யத்தக்க கைத்தொண்டு சிலவற்றைக் கூறுகின்றேம்.

நம் முன்னோர் சமைக்குந்தோறும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் இட்டுவைத்து, அப்பிடியரிசியாற் கோயில்களையும் பாடசாலைகளையும் தாங்கினர். ஒரு பிடி ஏறக்குறைய 40 அல்லது 50 கிராம் நிறையுடையது. கஞ்சியாகக் காய்ச்சுமிடத்து அது ஒரு பிள்ளைக்கு ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். எனவே இயன்ற வீடு ஒன்று பாடசாலை நாளொன்றுக்கு ஒரு பிடி எடுத்துவைப்பின், இயலாத வீட்டுப் பிள்ளை ஒன்றின் காலைப்பசி தீரும். இதனினும் எளிய கணக்கை மாணாக்கருக்கு நாம் கற்பித்தல் அரிது. திங்கட்கிழமைப் பிரார்த்தனையின்போது மூடிய பானை ஒன்றிற் பிள்ளைகள் அரிசியை இடுக. யார் இட்டார், யார் இடவில்லை என்பது எவருக்குந் தெரியாதிருத்தல் வேண்டும். வந்த அரிசியின் நிறையையுஞ் செலவையும் ஆசிரியர் இருவர் எழுதிக் கையொப்பமிட்டு, எல்லாருங் காண அறிவித்தற் பலகையில் இடுக. சிவதருமப் பொருளுக்குக் கணக்கு வையாமை, அதனைக் கவர்தற்கு வாயில் திறந்துவிடுதலாகும்.

பாடசாலை வளவில் முருங்கை, பசளி, பயற்றை, மரவள்ளி ஆகியவற்றை நடுதல் இரண்டாவது தொண்டு. கிணற்றடி நீர் வீணே ஓடுமிடத்து வல்லாரை நன்கு படரும். பனைவிதை பொறுக்கிப் பாத்தியிட்டால் மார்கழி, தையிற் கிழங்கெடுக்கலாம். அதனைப் பிளந்து உலர்த்திய ஒடியல் பல மாதம் கெடாதிருக்கும். அரிசி வாராத காலங்களிலெல்லாம் ஒடியற் பிட்டும் கூழும் யாழ்ப்பாணத்துக் குடிகளைத் தாங்கின. 2022 யூன் மாதத்தில் அரசாங்க உத்தியோகத்தர் பலருக்குப் பயிரிடும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கப்பட்டது. விடுமுறை கிடைத்தாலன்றி மண்ணைத் தொடேம் என்றிருத்தல், உழவாரம் ஏந்திய பெருமானைக் குருவாகக் கொண்டாடும் நமக்குத் தகாது.

பரிமாறும் முறை மூன்றாவது. வறிய பிள்ளைகளை வேறாக அழைத்து ஊட்டுதலாகாது. பசியினும் நாணம் பிள்ளைகளை அதிகம் வருத்தும். நாணிய பிள்ளை பசியோடே வீடு செல்லும். கஞ்சி காய்ச்சும் நாளில் எல்லாப் பிள்ளைகளும், ஆசிரியரும் உடனாக, ஒரே பந்தியில் இருக்க. இன்னார் பிள்ளை, இன்ன குறிச்சிப் பிள்ளை என்னும் பேதம் அப்பந்தியுள் நுழைதலாகாது. திருவீழிமிழலையிற் பறையறைந்தது எல்லாரும் வருக என்பதற்கன்றோ! அடியாரை உண்பித்தல் மாகேசுர பூசை எனப்படும். திருவிழாக் காலத்து அன்னதானத்தில் இலையோடு எறியப்படுஞ் சோற்றையும், அவ்வூர்ப் பாடசாலையில் வாடியிருக்கும் முகத்தையும் ஒருங்கு வைத்து நோக்கினால், பூசையில் நாம் எங்கே குறைபட்டோம் என்பது விளங்கும்.

உணவளித்தல் அரசின் கடன், கற்பித்தல் மாத்திரமே நமது கடன் என்பார் உளர். 1960, 1961ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது உண்மையே. அரசின் கடனை அரசு செய்யவேண்டும் என்று கேட்டலும் நம் உரிமையே. ஆயினும் கேட்ட விண்ணப்பத்துக்கு விடை வருமளவும் பிள்ளையின் பசி காத்திராது. ஈண்டு நம் சரித்திரத்தில் ஒன்றை மறைக்காது சொல்லல் வேண்டும். 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலும் 1824ஆம் ஆண்டு உடுவிலிலும் அமெரிக்க மிசனாரிமார் நிறுவிய கல்விச்சாலைகளில் நம் பிள்ளைகள் உண்டு உறைந்து கற்றனர். மிசன் பாடசாலையிற் கற்றவன் என்ற முறையில், அங்குள்ளார் பிள்ளைகளிடங் காட்டிய பரிவை யான் அறிவேன். சோற்றுக்காகச் சமயம் மாறினர் என்று சிலரை நம்மவர் இகழ்ந்து பேசுவதுண்டு. அச்சோறு நம் வாயிலில் அவர்க்கு ஏன் கிடைக்கவில்லை என்ற வினாவை அவ்விகழ்ச்சி மூடிவிடுகின்றது. மிசன் பாடசாலையிற் கற்று அங்கே கற்பித்தும் இருந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் இதனை நன்கறிந்தவர். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த அப்பெரியாரே, 1877ஆம் ஆண்டை ஒட்டிய பஞ்சத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோரை ஊட்டினார். கல்வியைக் கொடுத்த கையே கஞ்சியையுங் கொடுத்தது.

ஆசிரியர் தாமும் பசித்திருக்குங் காலத்தில் பிறர் பசியை எங்ஙனம் தீர்ப்பது என்று கேட்பவர்க்குப் புகழ்த்துணை நாயனார் சரித்திரம் விடையாகும். வற்கடத்திலும் பூசையை விடாது செய்த அவ்வாதிசைவர், பசியினாற் கை தளர்ந்து, திருமஞ்சனக் குடத்தைச் சிவலிங்கத் திருமுடிமேல் வீழவிட்டுத் தாமும் வீழ்ந்தார். பெருமான் அவரைச் சினந்திலர். கனவிலே தோன்றி, பஞ்சம் நீங்குமளவும் நாடோறும் ஒரு காசு பீடத்தில் வைப்பதாக அருளினார். தளர்ந்த கையை இறைவன் பொறுத்தருளுவான் என்பது இதனாற் பெறப்படும். ஆகலின் முழுதுஞ் செய்ய இயலவில்லையே என்று வருந்தி ஒன்றுஞ் செய்யாதிருத்தல் வேண்டா. வாரம் ஒருநாட் கஞ்சி காய்ச்ச இயலுமாயின் ஒருநாளே காய்ச்சுக. ஒரு பிள்ளையின் வீட்டையே அறிய முடியுமாயின் அதனையே அறிந்து வருக.

திருவீழிமிழலையில் பின்னர் மழை பெய்து வற்கடம் நீங்கிற்று. மழையைத் தருதல் இறைவன் செயல். அதுவரை வந்தாரை உண்பித்தது அடியார் செயல். நாளைக் காலையில் உங்கள் வகுப்பில் முதற்பாடந் தொடங்குமுன், பிள்ளைகளின் முகங்களை ஒருமுறை நின்று நோக்குங்கள். எல்லாம் வல்ல சிவபெருமான் நம் கைகளுக்குத் தொண்டும், நம் தொண்டுக்கு வாசியில்லாக் காசும் தந்தருள்வாராக.

சிவம்.

திருச்சிற்றம்பலம்