கத்தி ஏந்திய பிள்ளை: குற்றவாளியா, நோயாளியா?

வன்செயல் ஒரு தொற்றுநோய் என்று யாராவது கூறினால் நம்மிற் பலருக்கு உடனே கோபம் வரும். வாந்திபேதியும் நெருப்புக் காய்ச்சலும் நோய்கள்; அவை மனிதன் விரும்பி வரவழைப்பவையல்ல. அயலவன் பிள்ளையைக் கத்தியாற் குத்துவது அப்படிப்பட்டதா? அது பாவம், ஐந்தாம் கற்பனையை மீறும் சாவான பாவம். அதை நோயென்று அழைத்தால் குத்தியவனைக் குற்றத்திலிருந்து தப்பவிடுவதாகாதா? ஞானோபதேச வகுப்பிலே வளர்ந்தவர்களாகிய நமக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. எனினும் கடந்த இருபது ஆண்டுகளாகச் சில அரசாங்கங்கள் இளைஞர் வன்செயலை அடக்குவதற்கு இந்த வார்த்தையையே அடிப்படையாகக் கொண்டு இயங்கி வருகின்றன. சில இடங்களில் நல்ல பலனையும் கண்டுள்ளன. ஆகவே கோபத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, அவ்வார்த்தையில் எவ்வளவு உண்மை உண்டு, எந்த இடத்தில் அது தவறிப் போகின்றது என்று ஆராய வேண்டியுள்ளது.

இங்கிலாந்தை உதாரணமாக எடுப்பதற்குக் காரணமுண்டு. நம் பங்குகளில் இலண்டனிலே பிள்ளையோ சகோதரமோ இல்லாத குடும்பம் அரிது. 1990களின் பிற்பகுதியிலும் அதன்பின் சில ஆண்டுகளிலும் ஈஸ்ற்ஹாம், ரூற்றிங் முதலிய பகுதிகளில் நம்மவர் பிள்ளைகளே குழுக்களாய்ப் பிரிந்து வாளும் கத்தியும் கொண்டு ஒருவரையொருவர் வெட்டியதை நாம் மறந்துவிட முடியாது. இன்று அந்நாட்டின் நிலை என்ன? 2024 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் கத்தியோடு தொடர்புடைய குற்றங்கள் ஏறத்தாழ 50,000 பொலிசாராற் பதியப்பட்டன.

அரசு கைகட்டி நிற்கவில்லை. 2006இல் பொதுமன்னிப்பு அறிவித்து, கத்தி வைத்திருப்போர் தண்டனையின்றி ஒப்படைக்கலாம் என்றபோது 90,000க்குச் சற்றுக் குறைந்த ஆயுதங்கள் வந்து குவிந்தன. 2015 முதல், கத்தி வைத்திருந்த குற்றத்துக்கு இரண்டாம் முறை அகப்படுபவனுக்குக் கட்டாயச் சிறை. சந்தேகமின்றியே வீதியில் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் பொலிசாருக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே உண்டு. ஆனால் சோதிக்கப்படுபவர்களில் கறுப்பின இளைஞரின் தொகை வெள்ளையரிலும் பார்க்கப் பல மடங்கு அதிகமென்பதால் அது ஆறாத மனக்காயமாயும் இருந்து வருகின்றது. திரைப்படங்களில் வரும் பயங்கர வடிவுள்ள ‘சொம்பி’ கத்திகள் 2024 செப்ரெம்பரிலும், ‘நிஞ்சா’ வாள்கள் 2025 ஓகஸ்டிலும் தடைசெய்யப்பட்டன. 2019இல் பொரித்த கோழி விற்கும் கடைகளுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை அரசு வழங்கியது; அவற்றிலே கத்தியைக் கைவிடுமாறு புத்திமதி அச்சிடப்பட்டிருந்தது. கோழிக்காலைக் கடித்துக்கொண்டே பெட்டியை வாசித்து ஒருவன் மனந்திரும்புவான் என்று எண்ணிய உத்தியோகத்தர் யாரோ, நாமறியோம்.

தடைச்சட்டங்கள் வேண்டாமென்பதல்ல. ஆனால் அங்கே கொலைக்குப் பயன்படும் கத்திகளில் மிகுதியானவை குசினிக் கத்திகளே. கறிக்கு வெங்காயம் அரியும் கத்தியை எந்தப் பாராளுமன்றமும் தடைசெய்ய முடியாது. எனவே கேள்வி கத்தியிலிருந்து அதைத் தூக்கும் கைக்கு மாறுகின்றது. ஏன் தூக்கினாய் என்று கேட்டால் பெரும்பாலான பையன்கள் ஒரே மறுமொழியைத்தான் சொல்கிறார்கள்: ‘பயம், என் பாதுகாப்புக்கு.’ அடுத்த தெருப் பையன் வைத்திருக்கிறான் என்று இவன் வைக்கிறான். இவன் வைத்திருப்பதைக் கண்டு இவனுடைய வகுப்புத் தோழனும் வைக்கிறான். பயம் ஒருவனிலிருந்து ஒருவனுக்குத் தொற்றுகின்றது.

இவ்விடத்தில்தான் நோய் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் உண்டு. ஆபிரிக்காவில் சயரோகம், கொலரா முதலிய நோய்களோடு போராடிவிட்டுச் சிக்காகோ நகருக்குத் திரும்பிய கரி சுலுற்கின் என்ற வைத்தியர், அந்நகரின் கொலைகள் எங்கெங்கே நடந்தன என்று வரைபடத்திற் குறித்தபோது, அவை தொற்றுநோய் பரவும் வரைபடத்தைப் போலவே கொத்துக் கொத்தாய் இருப்பதைக் கண்டார். 2000ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய திட்டம், பழிவாங்கல் நடைபெறுமுன்பே இடையிற் புகுந்து தடுக்கக்கூடிய, அந்தத் தெருக்களையே நன்கறிந்த மனிதரை அனுப்பியது.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றது. ஐரோப்பாவின் கொலைத் தலைநகர் என்று பத்திரிகைகள் பழித்த நகரம் அது. 2005இல் அங்குள்ள பொலிசாரே, கரின் மக்கிளஸ்கி, ஜோன் கார்னொக்கன் என்ற இருவரின் தலைமையில், வன்செயற் குறைப்புப் பிரிவு ஒன்றை ஆரம்பித்தனர். வைத்தியர், ஆசிரியர், சமூகசேவையாளர் எல்லோரையும் ஒன்றுசேர்த்து, கைதுசெய்வதினால் மாத்திரம் இது தீராது என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்கள். 2004-05இல் ஸ்கொட்லாந்து முழுவதிலும் 130க்கும் மேற்பட்டோர் கொலையுண்டனர். 2022-23இல் அத்தொகை 52. இதற்கு ஒரு பிரிவின் வேலை மாத்திரமே காரணமென்று சொல்லிவிட முடியாது. ஆயினும் இலண்டன் உட்பட இங்கிலாந்தின் பல பகுதிகள் 2019 முதல் இதே பெயரிற் பிரிவுகளை அமைத்தது கிளாஸ்கோவைப் பார்த்தேயாகும்.

அங்கே என்னதான் செய்தார்கள்? 2008 ஒக்ரோபரில் நகரின் கிழக்குப் பகுதிக் கும்பல்களைச் சேர்ந்த இளைஞர்களை நீதிமன்ற மண்டபத்துக்கு அழைத்தார்கள். வழக்கு விசாரணைக்கல்ல. பொலிஸ் அதிகாரி எழுந்து, ‘உங்களை எங்களுக்குத் தெரியும், இனி ஒருவன் குத்தினால் குழுவிலுள்ள அத்தனைபேரையும் தேடி வருவோம்’ என்ற கருத்திற் பேசினார். விபத்துப் பிரிவு வைத்தியர், கத்தி பாய்ந்த உடலில் தாம் கண்டவற்றைக் கூறினார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் பேசினாள். இறுதியாக, வாழ்க்கையை மாற்ற விரும்புபவன் அழைப்பதற்கு ஒரு தொலைபேசி இலக்கம் கொடுக்கப்பட்டது. மறுமுனையில் வேலையும் பயிற்சியும் தேடிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். பின்பு ஆராய்ந்தபோது, இதிற் சேர்ந்து இரண்டாண்டு நிலைத்தவர்களிடையே ஆயுதம் வைத்திருந்த குற்றங்கள் 84 வீதத்தால் குறைந்திருந்தன; சேராத ஒத்த இளைஞரிடையே 40 வீதமளவிலே குறைந்தன. அடிதடி முதலிய ஏனைய வன்செயலில் அவ்வளவு தெளிவான வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

இப்பொழுது நமது கேள்விக்கு வருவோம். வாந்திபேதி கண்டவர்களை நீதிமன்றத்தில் இருத்தி, ‘இதை நிறுத்து’ என்று எந்த வைத்தியராவது கட்டளையிடுவாரா? அப்படிச் சொல்வது பைத்தியக்காரத்தனம். கிளாஸ்கோவிலோ அப்படித்தான் சொன்னார்கள். இளைஞர் பலர் அதைக் கேட்டும் நடந்தார்கள். அப்படியானால், நோய் என்று பேசியவர்களே தங்கள் செயலில் அவனைச் சுயாதீனமுள்ள மனிதனாக நடத்தினார்கள் என்பது வெளிப்படை. நிறுத்தக்கூடியவனைப் பார்த்துத்தானே நிறுத்து என்று சொல்லலாம்! ஸ்கொட்லாந்து தண்டனையைத் தளர்த்தியது என்று எண்ணுவோரும் தவறுகிறார்கள். கத்தி வைத்திருப்பதற்கான உச்சத் தண்டனை அங்கே 2006இல் இரண்டிலிருந்து நான்கு ஆண்டாகவும், 2016இல் ஐந்து ஆண்டாகவும் கூட்டப்பட்டது.

திருச்சபையின் போதனை இதற்கு முரணானதல்ல. அச்சம், அறியாமை, வன்பலவந்தம், பழக்கம் ஆகியவை ஒருவனுடைய பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளைகளில் அற்றுப்போகவும் செய்யலாம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூல் கற்பிக்கின்றது. குறைப்பது வேறு, செயலே குற்றமன்று என்பது வேறு. அவ்வாறே, 1984இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் ஒப்புரவைப் பற்றி எழுதிய ஊக்கவுரையிலே, சமூகப் பாவம் என்று நாம் அழைப்பது தனிமனிதர் பலருடைய பாவங்களின் திரட்சியே என்று விளக்கினார். இதைக் கத்திக்குப் பொருத்திப் பார்த்தால் பொறுப்பு குறையவில்லை, கூடுகின்றது. குத்தியவன் மாத்திரமன்றி, அவன் கையிலே பயத்தை வளர்த்த பெரியவர்களும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களாகிறார்கள்.

ஜெத்சமனித் தோட்டத்தை நினைவுகூர்வோம். அன்றிரவு ஆயுதம் வைத்திருந்தவர் யார்? யூதாசோடு வந்த சேவகர் மாத்திரமல்ல. அப்போஸ்தலர்களில் முதல்வரான அர்ச். இராயப்பரும் வைத்திருந்தார். இராப்போசனம் முடிந்து வந்தவரின் இடுப்பிலே வாள் எதற்கு? அவருக்கும் பயம், தம் ஆண்டவருக்கு ஏதோ நேரப் போகிறதென்ற பயம். வெட்டியும் விட்டார். யேசுநாதர் அதை நியாயப்படுத்தவில்லை. வாளை உறையிலே போடும்படி கட்டளையிட்டார். வெட்டுண்டவனுடைய காதைத் தொட்டுச் சுகப்படுத்தினார் என்று லூக்காஸ் மேலும் கூறுகிறார். ஆனால் வெட்டியவரைச் சீடர் கூட்டத்திலிருந்து தள்ளிவிடவுமில்லை. கண்டிப்பும், காயப்பட்டவனுக்குப் பரிகாரமும், குற்றம் செய்தவனைக் கைவிடாமையும் ஒரே இரவில் ஒரே இடத்தில் நடந்தன. அரசின் திட்டங்களில் பெரும்பாலும் இவை மூன்றும் மூன்று திணைக்களங்களில் இருக்கின்றன.

இதன் விளைவை அனுபவிப்பவள் தாய். இலண்டனில் ஒரு தாய், பதினைந்து வயது மகனுடைய மெத்தையைத் தட்டிப் போடும்போது கத்தியொன்றைக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பொலிசாரிடம் போனால் மகனுடைய பெயர் பதிவில் ஏறிவிடும், படிப்புக் கெடும் என்று அஞ்சுகிறாள். பேசாமல் விட்டால், நாளை அவனையோ வேறொருத்தியின் மகனையோ பெட்டியிலே பார்க்க நேரிடலாம். பல நகரங்களில், சில தேவாலய வளவுகளிலுங்கூட, பெயர் சொல்லாமற் கத்தியைப் போட்டுவிட்டு வருவதற்கான இரும்புப் பெட்டிகள் உண்டு. அவள் கத்தியை அதிலே போடலாம். பயத்தை எங்கே போடுவது? மகன் அதே தெருவால்தான் நாளைக்கும் பாடசாலைக்குப் போகவேண்டும்.

ஓர் அரசின் முயற்சியை அளப்பதற்கு இத்தாயே சரியான அளவுகோல் என்பது எமது கருத்து. உண்மையைச் சொல்லி, மகனை இழக்காமல் உதவி பெறுவதற்கு அவளுக்கு ஒரு வாசலாவது திறந்திருக்கிறதா? இலண்டனில் 2010க்கும் 2019க்கும் இடையில் இளைஞர் மன்றங்களில் ஏறத்தாழ 30 வீதம், செலவு மிச்சம் பிடிக்கும் நோக்கில் மூடப்பட்டன. அங்குள்ள நிதி ஆய்வு நிறுவனம் ஒன்று 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, அருகிலிருந்த மன்றத்தை இழந்த பிள்ளைகள் குற்றத்தில் ஈடுபடுவது 14 வீதத்தாற் கூடியது. பரீட்சைப் பெறுபேறும் விழுந்தது. மேசைப்பந்து விளையாடும் இடமென்று கணக்கர் நினைத்தது, உண்மையில், பிள்ளையை நன்கறிந்த ஒரு வளர்ந்த மனிதன் மாலைதோறும் நிற்கும் இடமாக இருந்தது. ஒரு கையால் சிறையைப் பெருப்பித்துக்கொண்டு மறுகையால் அந்த மனிதனை வீட்டுக்கு அனுப்பிய அரசு, வாசலைத் தானே பூட்டியது.

கிளாஸ்கோக்காரர் இதற்கு வழிகாட்டியைத் தேடிச் சென்ற இடம் நமக்கு மகிழ்ச்சி தரும். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கும்பல்கள் நிறைந்த ஓர் ஏழைப் பங்கிலே பங்குத்தந்தையாயிருந்த யேசுசபைக் குருவானவர் கிரெக் பொயில், 1988இல் இளைஞருக்கு வேலை தேடிக்கொடுக்கும் பணியைத் தொடங்கினார். 1992இல் அது ஒரு பாண் பேக்கரியாயிற்று. எதிர்க் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் ஒரே மேசையில் மாப் பிசைந்தார்கள். ஆரம்பத்தில் அவர் கும்பல்களுக்கிடையே சமாதான உடன்படிக்கை செய்துவைத்துக்கொண்டு திரிந்தவர். பின்னர் அதை நிறுத்திவிட்டார். அது கும்பலுக்கே உயிரூட்டுகிறதென்று கண்டார். கும்பலோடு பேசுவதைவிட்டு ஒவ்வொரு பையனோடும் பேசினார். ஸ்கொட்லாந்துப் பொலிசார் இப்பணியைப் பார்த்துத் தாமும் முன்னாட் குற்றவாளிகளைக் கொண்டு உணவுச்சாலை நடத்தினார்கள்.

நம் மண்ணுக்கு வருவோம். 2010களின் நடுப்பகுதி முதல் யாழ்ப்பாணத்தில் வாள்வெட்டு என்ற சொல் அன்றாடச் செய்தியாயிற்று. விசேட அதிரடிப்படை, வீதிச் சோதனை, கைது என்பவையே அரசின் மறுமொழியாக இருந்து வந்துள்ளன. அவற்றாற் சில காலம் அடங்குவதும் உண்மை. ஆயினும் இங்கே தாயின் சங்கடம் இலண்டன் தாயினுடையதிலும் கொடியது. மகன் வாள் வைத்திருக்கிறான் என்று கண்டால் பொலிசுக்கு அறிவி என்று அவளுக்கு நாம் எளிதாகச் சொல்லிவிட முடியுமா? சீருடையினரிடம் தம் கையாலேயே பிள்ளைகளை ஒப்படைத்த தாய்மார், அவர்கள் எங்கே என்று கேட்டுப் படங்களோடு 2017 முதல் வீதியோரத்தில் இருக்கும் நாடு இது. அந்த நினைவுள்ள ஒருத்தி வாளை வைக்கோற் போரில் ஒளித்தால் அவளை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது. வெட்டுப்பட்டவனின் தாயின் முன்னால் இந்த வாதத்தை வைக்க நமக்கு நாவெழாது என்பதும் உண்மையே.

2015 முதல் கிளாஸ்கோ வைத்தியசாலையில் ஒரு வழக்கம் உண்டு. வெட்டுக்காயத்தோடு வரும் இளைஞனின் கட்டிலருகே, தானும் ஒருகாலம் அவ்வாழ்க்கையிலிருந்து மீண்ட ஒருவன் வந்து அமர்கிறான். வைத்தியர் தையல் போட்டு முடிந்து, பொலிசார் வாக்குமூலம் எடுத்துச் சென்றபின், பழிவாங்கும் எண்ணம் முளைக்கும் அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறான். இதற்குப் பெருஞ்செலவோ புதுச்சட்டமோ தேவையில்லை. நம் பங்குகளின் வின்சென்ற் டி போல் சபையார் நோயாளரைச் சந்திப்பவர்கள். வாள்வெட்டுக் காயத்தோடு கிடக்கும் பையனின் கட்டிலருகிலும் அவர்கள் அமரலாகாதா? மறுநாள் வெட்டியவனுடைய வீட்டுப் படலையையும் அவர்களே தட்டலாகாதா?