லீட்ரிம்: யாருடைய சித்தம்?

அயர்லாந்தின் வடமேற்கில் லீட்ரிம் என்றொரு கவுன்டி இருக்கிறது. ஏரியும் குன்றும் நீர் வடியாத களிமண்ணுமாகக் கிடக்கும் நாட்டுப்புறம். 1841-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அங்கே 1,55,297 பேர் இருந்தார்கள். அடுத்த கணக்கு 1851-இல் வந்தபோது 1,11,897 பேர். பத்தே ஆண்டுகளில் 43,400 பேர் குறைந்துவிட்டார்கள். பசியாலும் காய்ச்சலாலும் செத்தவர்கள் போக, மிஞ்சியவர்களில் முடிந்தவர்கள் கப்பலேறினார்கள். ஏன் இப்படி நடந்தது என்ற கேள்விக்கு அன்றைய பிரிட்டனில் பலரிடம் ஒரே பதில்தான் இருந்தது: ஆண்டவனின் சித்தம்.

1845 இலையுதிர்காலத்தில் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. மறுவருடம் விளைச்சல் ஏறக்குறைய முழுதாகவே அழுகியது. துண்டு நிலத்தில் கிழங்கு ஒன்றையே நட்டு, அதையே மூன்று வேளையும் உண்டு வாழ்ந்த குடும்பங்களுக்கு வேறு கைம்முதல் இல்லை. அப்போது விளக்கங்கள் குவிந்தன. மேனூத் என்ற ஊரிலிருந்த கத்தோலிக்கக் குருமடத்துக்கு 1845-இல் அரசு மானியத்தை உயர்த்தியது. அந்தப் பாவத்துக்கு விழுந்த அடி இது என்றார்கள் சில புராட்டஸ்டன்ட் போதகர்கள். 1847 மார்ச் 24-ஆம் நாளை நாடு முழுவதற்குமான உபவாச நாளாக விக்டோரியா அரசி அறிவித்தார். கோயில்களில் மன்றாட்டு நடந்தது. கத்தோலிக்கக் குடிசைகளிலும் இது தெய்வ தண்டனை என்ற பயம் இருந்தது.

நிவாரணச் செலவின் கடிவாளம் லண்டன் கருவூலத்தின் உயர் அதிகாரி சார்லஸ் டிரெவெலியனின் கையில் இருந்தது. ஆழ்ந்த பக்தர், ஓயாமல் உழைத்தவர். பஞ்சத்தைப் பற்றி 1848-இல் ஒரு நூலே எழுதினார். கிழங்கை நம்பிய சீர்கெட்ட வாழ்க்கைமுறையைக் குணப்படுத்த இறைவனே நேரடியாகத் தலையிட்டிருக்கிறான் என்பது அதில் அவர் கண்ட பொருள். அரசு அதிகம் கொடுத்தால் அந்த மருத்துவம் கெட்டுவிடும் என்று அவர் மனதார நம்பினார். 1847-இல் வந்த சட்டம் ஒன்று கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் இல்லை என்றது. கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட வேண்டும்.

துன்பத்துக்குக் காரணம் தேடுவது மனித இயல்பு. அதைக் குறை சொல்ல முடியாது. விவிலியத்தில், எல்லாம் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் அதைத்தான் செய்தார்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா பெற்றவர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு இயேசு அவனுக்குப் பார்வை கொடுத்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. அந்த வேதத்தை நாள்தோறும் வாசித்த சமூகம்தான் லீட்ரிமைப் பார்த்துச் சீடர்களின் கேள்வியோடு நின்றுவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ‘கடவுள் சித்தம்’ என்று சொன்னால், அவளுக்கு அது பிடித்துக்கொள்ள ஒரு தூண். களஞ்சியத்தின் சாவியை வைத்திருப்பவர் அதே சொல்லைச் சொன்னால், பூட்டு திறக்காமலே போகிறது. சொல் ஒன்றாக இருந்தாலும் சொல்கிறவரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் அதை எடைபோட வேண்டும். களஞ்சியமோ காலியாக இல்லை: 1846 கடைசியிலும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து ஓட்ஸ் தானியம் கப்பலில் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சிலர் நேரில் பார்க்க வந்தார்கள். லீட்ரிமின் தலையூரான கேரிக்-ஆன்-ஷானனில், ஆதரவற்றோர் விடுதி வாசலில் அவர்கள் கண்டதை எழுதிவைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்த இடம் கொஞ்சம். வெளியே நின்ற கூட்டம் பெரிது. ஆறேழு பிள்ளை பெற்ற தாய்மார்கள், தங்களைச் சேர்க்காவிட்டாலும் இரண்டு மூன்று பிள்ளைகளையாவது எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினார்கள். குவேக்கர்களும் இறைநம்பிக்கை உள்ளவர்கள்தாம். அவர்கள் நிதி திரட்டி, கஞ்சிக் கொப்பரைகளை வாங்கி அனுப்பினார்கள். ஒரே கடவுளை வணங்கியவர்கள் இப்படி இரு வேறு வழியில் போனார்கள் என்பதால், பழியை மதத்தின் மேல் போட்டுவிட்டு நகர முடியவில்லை.

டிரெவெலியனை ஈரமற்றவர் என்று ஒதுக்குவதும் சரியல்ல. 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தவர் இதே மனிதர். புதிய வரிகள் இந்த மக்களுக்கு ஒவ்வாதவை என்று கல்கத்தாவிலிருந்த இந்திய அரசோடு மோதினார். தம் ஆட்சேபத்தை அச்சிலும் வெளியிட்டார். அதனால் 1860-இல் பதவியை இழந்து நாடு திரும்பினார். வரி என்பது மனிதர் எடுத்த முடிவு, அதை எதிர்த்துப் பேசலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. லீட்ரிமின் பசியும் பாதிக்கு மேல் மனிதர் எடுத்த முடிவுதான். அங்கே அவர் கடவுளின் கையைக் கண்டார்; எதிர்க்கத் தோன்றவில்லை.

இன்னொரு வாதமும் அன்று செல்லுபடியானது: அந்த மண்ணுக்கு ஜனம் அதிகம், குறைந்தால் மிஞ்சியவர் செழிப்பார்கள் என்பது. இதற்கு வித்திட்ட பொருளியல் அறிஞர் மால்தஸும் ஒரு பாதிரியார்தான். ஒரு மனிதப் பிறவியை ‘உபரி’ என்று சொல்ல, படைப்பை நம்புகிறவருக்கு எப்படி நா எழுந்தது? வாதத்தைச் சரித்திரமே சோதித்துப் பார்த்துவிட்டது. பஞ்சம் முடிந்தும் லீட்ரிமின் தலைக்கணக்கு இறங்கிக்கொண்டே போய் 1996-இல் 25,057-இல் வந்து நின்றது. ஜனம் குறைந்தது; செழிப்பு வரவில்லை; பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக லிவர்பூலுக்கும் நியூயார்க்குக்கும் போனார்கள். 2022 கணக்கில் 35,199 பேர். அயர்லாந்துக் குடியரசின் கவுன்டிகளில் இன்றும் இதுவே கடைசி. ஆள் விட்டுப்போன நிலத்தில் சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை மரவியாபாரத்துக்காக வரிசை வரிசையாக நட்டிருக்கிறார்கள். தங்கள் வீடுகளைச் சுற்றி இருட்டு கவிகிறது, அக்கம்பக்கம் இல்லாமல் போகிறது என்று லீட்ரிம்காரர்கள் அதை எதிர்த்துப் போராடிவருகிறார்கள். அவர்கள் கேட்பது இன்னும் கொஞ்சம் ஜனத்தை.