அவனைப் பார், உன்னைப் பார்

மலேசியத் தமிழர்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். "சீனனைப் பாரு. அவனும் நம்மளப்போலக் கப்பல்ல வந்தவன்தான். இன்னைக்கு அவன் எங்க இருக்கான், நாம எங்க இருக்கோம்?" மேடையில் அரசியல்வாதி சொல்வார், கோயில் கூட்டத்தில் தலைவர் சொல்வார், சாப்பாட்டு மேசையில் அப்பா மகனிடம் சொல்வார். கேட்டவரே பதிலையும் சொல்லிவிடுவார்: அவன் உழைத்தான், சேர்த்தான், ஒற்றுமையாக இருந்தான், நாம் குடித்தோம், கடன் வாங்கினோம், அடித்துக்கொண்டோம்.

இந்த ஒப்பீடு உண்மைதானா என்பது ஒரு கேள்வி. இதை யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. என்னைத் தொந்தரவு செய்வது இரண்டாவதுதான். ஆனால் முதலாவதைக் கடக்காமல் அங்கே போக முடியாது.

எண்களிலிருந்து தொடங்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசியக் குடிமக்களில் சீனர் 23.2 சதவீதம், இந்தியர் 6.7 சதவீதம். அந்த இந்தியரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். 2019 குடும்ப வருமானக் கணக்கெடுப்பில், வருமான வரிசையின் சரிபாதியில் நிற்கும் சீனக் குடும்பத்துக்கு மாதம் 7,391 ரிங்கிட். இந்தியக் குடும்பத்துக்கு 5,981. பூமிபுத்திரக் குடும்பத்துக்கு 5,420. மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடிகளும் சேர்ந்த அந்தப் பெரும்பான்மையைவிட இந்தியர் நடுவில் ஒரு படி மேலேதான் நிற்கிறார்கள். மேடைப் பேச்சில் இந்த எண் வருவதே இல்லை. வந்தால் ஒப்பாரி கெட்டுவிடும்.

ஆனால் 'இந்தியர்' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் வழக்கறிஞரும் மருத்துவரும் இருக்கிறார்கள், தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு பட்டணத்து ஓரத்தில் ஒதுங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். சராசரி இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறது. இந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், நம் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு சமாதானத்தை ஓரமாக வைத்துவிடலாம். 'சீனன் முதலோடு வந்தான், நாம் வெறுங்கையோடு வந்தோம்' என்பது சரியில்லை. குவாங்டோங், ஃபுஜியன் கடற்கரைகளிலிருந்து வந்தவர்களில் ஏராளமானோர் கப்பல் கட்டணத்தையே கடனாக வாங்கி, அது தீரும்வரை யாருக்கோ உழைத்தவர்கள். 1857-இல் ஈயம் தேடி அம்பாங் காட்டுக்குள் போன 87 பேரில் 69 பேர் ஒரு மாதத்துக்குள் செத்துப்போனார்கள், பெரும்பாலும் மலேரியாவில். கோலாலம்பூர் அப்படி எழுந்த ஊர்தான். அதன் கப்பித்தானாக இருந்து ஊரை நிலைநிறுத்திய யாப் ஆ லோய், கையில் காசில்லாமல் வந்து இறங்கியவர்.

வித்தியாசம் கப்பலில் இல்லை. உழைப்பின் லாபம் எந்தத் திசையில் ஓடியது என்பதில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈயச் சுரங்கத்தின் முதலாளிகள் பெரும்பாலும் சீனர்கள். கூலி அவர்களிடம் நசுங்கினான், அதில் சந்தேகமே வேண்டாம். அபின் விற்கும் உரிமையை ஏலத்தில் எடுத்து, பகலில் கொடுத்த கூலியை இரவில் திரும்ப வாங்கிக்கொண்டவர்களும் அவனுடைய மொழி பேசிய முதலாளிகள்தான். நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருவாயில் சில ஆண்டுகள் பாதியளவு அபினிலிருந்தே வந்தது. அவ்வளவு அபின் குடித்த சமூகத்தைப் பார்த்து இன்று யாரும் 'போதைப் பண்பாடு' என்று சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். கள்ளுக்கடை மட்டும் நம் ரத்தத்தில் ஊறியதாகிவிட்டது! சீனக் கூலியிடமிருந்து பிடுங்கிய பணத்தில் ஒரு பகுதி அதே பட்டணத்தில் தங்கியது: கடையாக, பட்டறையாக, சங்கக் கட்டடமாக, பள்ளிக்கூடமாக. கடன் தீர்ந்த கூலிக்கு அடுத்து போய் நிற்க ஒரு தெரு இருந்தது. அறம் என்று பார்த்தால் இது பெருமைப்படக்கூடிய கதை இல்லை. ஒரு சமூகத்தின் முன்னேற்றம் அதன் சொந்த ஏழைகளின் முதுகில் நடந்திருக்கிறது. 'ஒற்றுமை' என்று நாம் பொறாமைப்படுவதில் இதுவும் அடக்கம்.

தமிழ்க் கூலி போன இடம் வேறு. ரப்பர் தோட்டத்தின் முதலாளி லண்டனில் இருந்தார். துரை, கிராணி, கங்காணி, அதற்கும் கீழே பால் வெட்டுபவர்கள். ஊரிலிருந்து ஆள் கூட்டி வந்த கங்காணிக்கு, தினமும் வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் 'தலைக்காசு' உண்டு. ஆள் ஓடிப்போனால் அவருக்கு நஷ்டம். சம்பளத்தையும் சந்தை தீர்மானிக்கவில்லை. இந்தியத் தொழிலாளிக்கென்று அரசே ஒரு தரக்கூலி நிர்ணயித்தது. 1920-களின் கடைசியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் அது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே ரப்பர் மரத்தை வெட்டிய சீனர்கள் குத்தகைக்காரர் மூலமாக வந்து, பேரம் பேசி, கூடுதலாக வாங்கினார்கள், கட்டாவிட்டால் போய்விட்டார்கள். லயத்து வீடு தோட்டத்துடையது. ஆயாக்கொட்டகை, மருத்துவமனை, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாமே வேலிக்குள். வேலை போனால் வீடும் போகும். அப்படி இருக்கும்போது பேரம் பேசும் தைரியம் எங்கிருந்து வரும்?

இந்தக் கணக்கின் மிச்சம் 1970-இல் தெரிகிறது. அன்றைய மலேசிய நிறுவனப் பங்குகளில் சீனரிடம் 27.2 சதவீதம், பூமிபுத்திரரிடம் 2.4, இந்தியரிடம் 1.1. மீதியில் 63 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவரிடம். 'நம்மாள் சம்பாதித்ததெல்லாம் எங்கே போச்சு?' என்று கேட்பவர்கள் அந்தக் கடைசி எண்ணைப் பார்க்கலாம். எல்லாம் கள்ளுக்கடைக்குப் போய்விடவில்லை.

இப்போது பண்பாட்டுக்காரர்களுக்கு வருவோம். இந்த வாதத்தின் திறமையான வடிவத்தைத் தாமஸ் சோவெல் 1996-இல் வெளிவந்த தன் புலம்பெயர்வு நூலில் எழுதினார். குடியேறும் குழுக்கள் தங்கள் திறன்களையும் பழக்கங்களையும் சுமந்துகொண்டு போகின்றன, வெவ்வேறு நாடுகளிலும் அதே போக்கில் முன்னேறுகின்றன என்பது அதன் சாரம். முட்டாள்தனமான வாதம் இல்லை. ஆனால் மலாயாவில் இதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது: யாழ்ப்பாணத்தார்.

அவர்களும் தமிழர்கள். அதே முருகன், அதே பொங்கல், அதே தாலி. அவர்கள் வந்தது ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போய் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆனார்கள். 1951-இல் மலாயாவின் கல்விப் பொறுப்பு இ.இ.சி. துரைசிங்கம் என்ற யாழ்ப்பாணத் தமிழரிடம் இருந்தது. தமிழ்ப் பண்பாடுதான் தமிழனைக் கீழே வைத்தது என்றால், இவர்களை அது ஏன் விட்டுவிட்டது? பதில் சிம்பிள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் பள்ளிகளைக் கட்டியது, 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி வந்தது, போட்டிக்கு ஆறுமுக நாவலர் வழியில் சைவப் பள்ளிகளும் வந்தன. பிரிட்டிஷாருக்கு ஆங்கிலம் தெரிந்த எழுத்தர்கள் தேவைப்பட்டபோது அங்கே ஆள் தயாராக இருந்தது.

இங்கே ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தர்களாக வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர். தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும் பகுதியினர் பறையர், பள்ளர், இன்னும் பல நிலமற்ற சாதியினர். பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள், பள்ளிக்கூட வாசலைப் பார்க்க விடப்படாதவர்கள். 'சீனனைப் பார்' என்று சொல்லும்போது இந்த விஷயம் வசதியாக மறைந்துவிடுகிறது. சீனனோடு ஒப்பிட்டால் நாம் எல்லோரும் 'தமிழன்' ஆகிவிடலாம். யாழ்ப்பாணத்தாரோடும் செட்டியாரோடும் ஒப்பிட்டால் வேறொன்றைப் பேச வேண்டிவரும். வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் மூலதனம் இருந்தது; அது சீன வணிகருக்கும் மலாய் நிலவுடைமையாளருக்கும் கடனாகப் போனது, பால் வெட்டும் தமிழனின் கையைத் தொடவில்லை. யாரும் அதைத் துரோகம் என்று சொல்ல வேண்டியதில்லை, தொழில் அப்படி. ஆனால் 'தமிழ்ச் சமூகம்' என்று ஒன்று அங்கே இருந்து தன் வாய்ப்பைக் கோட்டைவிட்டதாகக் கதை சொல்லாமல் இருக்கலாம்.

அப்படியானால் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லையா? எல்லாமே கதவு, வாசல், வரலாறு என்று சொல்லிவிட்டால் மனிதனுக்கு என்ன மரியாதை மிஞ்சுகிறது? இந்த எதிர்க்கேள்வியை நான் மதிக்கிறேன். உழைக்கும் மனப்பான்மையே குடும்பமும் சூழலும் தருவதுதான் என்று ஜான் ரால்ஸ் 1971-இல் எழுதியதைப் படிக்கும்போது அறிவு ஒத்துக்கொள்கிறது, மனசு முரண்டு பிடிக்கிறது. விடிகாலை இருட்டில் பெரட்டுக்குப் போய் நின்ற ஒரு பாட்டியிடம் 'உன் உழைப்பும் உன்னுடையது இல்லை' என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஆனால் அந்தப் பாட்டி உழைக்கவில்லை என்று சொல்வது அதைவிட மோசம். 'ஒற்றுமை இல்லை, சேமிப்பு இல்லை' என்பதும் அப்படித்தான். 1950-களில் சிங்கப்பூரில் நன்யாங் பல்கலைக்கழகம் எழும்பியபோது ட்ரைஷா ஓட்டிகள்கூட ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார்கள். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே ஐம்பதுகளில் தமிழ் முரசு கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது தோட்டத்துத் தமிழர்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்ததை எத்தனை பேர் சொல்கிறார்கள்? அந்தப் பணம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குப் போனது. நல்ல காரியம்தான். ஆனால் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழில் ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்க ஒரு இடைநிலைப் பள்ளி இல்லை, இன்றும் இல்லை. 1961 கல்விச் சட்டம் வந்தபோது அரசு உதவியை மறுத்துத் தனியாக நின்ற சீன இடைநிலைப் பள்ளிகளின் வழியில் இன்று அறுபது பள்ளிகள் நடக்கின்றன. 1975 முதல் அவை தங்களுக்கென்று பொதுத்தேர்வும் நடத்துகின்றன. அதற்குத் துணிச்சல் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். கூடவே கடைத்தெருவும் வேண்டும்.

தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டியவர்கள் தவணை கட்டிப் பங்கு வாங்கி, தாங்கள் வேலை செய்த மாதிரியான தோட்டங்களுக்கே உரிமையாளர்கள் ஆனார்கள். பொறுப்பற்ற கூட்டம் செய்கிற வேலையா இது?

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. யார் ஒப்பிடுகிறார்கள்?

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். அவர்களுடைய கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கள்ளுக்கடைகளை மூடு என்றார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கொடு என்றார்கள். தோட்டத்துப் பெண்களைச் சீண்டுவதை நிறுத்து என்றார்கள். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது: சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு.

அவர்களும் சீனனைப் பார்த்தார்கள். பக்கத்து மரத்தில் அதே வேலையைச் செய்தவனைப் பார்த்து, 'அவனுக்கு அவ்வளவு, எனக்கு ஏன் இவ்வளவு?' என்று துரையிடம் கேட்டார்கள். பதிலுக்குப் படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் சிலர் இறந்தார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அன்று மேலே இருப்பவனை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்விதான் இன்று சாப்பாட்டு மேசையில் மகனிடம் கேட்கப்படுகிறது. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களின் பேரன்களிடம், 'உங்க தாத்தா குடிச்சே அழிஞ்சான்' என்று சொல்கிறோம்.

சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977-இல் 'சோம்பேறி சுதேசி' என்ற கட்டுக்கதையைப் பற்றி எழுதிய நூலில், தோட்ட வேலைக்கு வர மறுத்த மலாய்க்காரனைக் காலனியவாதிகள் சோம்பேறி என்று எழுதிவைத்ததைக் காட்டினார். அவனுக்கு நிலம் இருந்தது, மறுக்க முடிந்தது. தமிழனை அதே துரைகள் பாராட்டினார்கள்: அடக்கமானவன், சொன்னதைச் செய்பவன். விட்டுப் போக முடியாதவனுக்குக் கிடைத்த நற்சான்று அது.

அந்த நற்சான்று இப்போது கைமாறியிருக்கிறது. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் இன்று இந்தோனேசியர்களும் வங்கதேசத்தவர்களும் வேலை செய்கிறார்கள். 'பங்களாக்காரன் வாயே திறக்காம வேலை செய்றான், நம்ம பசங்களுக்கு உடம்பு வளையாது' என்று சொல்பவர்களில் தோட்டத்தில் பிறந்த தமிழர்களும் உண்டு. திருப்பூரில் பீகார்ப் பையன்களைப் பற்றி இதையே கேட்கலாம். அந்த வங்கதேசத்தவரின் வேலை அனுமதி ஒரே முதலாளியின் பெயரில் இருக்கும். வேலையை விட்டுவிட்டு அடுத்த தோட்டத்தில் போய்ச் சேர்ந்தால் அவர் சட்டவிரோதக் குடியேறி.