மிரட்டினால் பொய் சொல்லலாமா?

பாலக்கரை டீக்கடையில் நண்பர் கேட்டார்: ‘மிரட்டினதால பொய்ச்சாட்சி சொன்னா தப்பாய்யா?’

அந்தக் கணமே தன் உயிர் போகும் என்ற பயம் இருந்தால்தான் சட்டம் மன்னிக்கும். ‘நாளைக்கு உன் தம்பி இருக்க மாட்டான்’ என்ற மிரட்டல் போதாது.

அநியாயமா? குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கைப் பாருங்கள். 2002-ல் 14 பேர் கொலை. சாட்சி ஜாஹிரா ஷேக் பல்டியடித்தார், மிரட்டினார்கள் என்றார். 2004-ல் உச்ச நீதிமன்றம் மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. அங்கேயும் பல்டி! பணம் கைமாறியதாகச் சொன்னது விசாரணை அறிக்கை. 2006-ல் நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டு சிறை.

வெளியிலிருந்து பார்த்தால் பயத்துக்கும் பணத்துக்கும் ஒரே முகம். அதனால்தான் சட்டம் கறாராக இருக்கிறது. ஆனால், கோர்ட்டுக்குள் வராத கத்தி தெருமுனையில் காத்திருக்குமே? சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்ததே 2018-ல்தான்.

பொய்ச்சாட்சி தப்புதான். துணைக்கு நிற்காமல் தைரியம் கேட்பதும் தப்புதான். அந்தச் சாட்சி உங்கள் எதிர்வீட்டுக்காரர் என்றால், அவரோடு கோர்ட் வாசல் வரைக்கும் நடப்பீர்களா?