இடக்கையும் ஒற்றைத் தலைவலியும்

மக்தபில் ஓத வந்த சிறுவன் ஒருவன் சிலேட்டில் அலிஃபை இடக்கையால் எழுதினான். பிரம்பால் அந்தக் கையில் ஒன்று வைத்தேன். மறுநாள் அவன் தாயார் வாசலுக்கு வெளியே நின்று கேட்டார்: "ஹஜ்ரத், எனக்கும் பீச்சாங்கைதான். ஒற்றைத் தலைவலியும் மனச்சோர்வும் என்னை விட்டபாடில்லை. எல்லாம் அந்தக் கையால் வந்தது என்கிறார்கள் வீட்டில். பிள்ளைக்கும் வருமா?"

அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன்.

இது வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. ஒற்றைத் தலைவலிக்காரர்களிடையே இடக்கையாளர் அதிகம் என்று நார்மன் கெஷ்விண்ட், பீட்டர் பெஹன் என்ற இரு மருத்துவர்கள் 1982-இல் எழுதினார்கள். பின்வந்தோர் சோதித்தபோது அது நிலைக்கவில்லை. 2021-இல் 87 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் மனச்சோர்வுக்கும் இடக்கைக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆனால் அந்தத் தலைவலியும் மனச்சோர்வும் ஒன்றையொன்று இழுத்து வருபவை என்பது உண்மை. கை குற்றவாளியல்ல. நூற்றில் பத்துப் பேர் அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறார்கள்.

நோயாவது ஈமானின் குறையா? நாயகம் (ஸல்) அவர்களுக்கே 'ஷகீகா' எனும் இத்தலைவலி இருந்தது. இஹ்ராமில் இருந்தபோது அதற்காகத் தலையில் இரத்தம் குத்தி எடுத்தார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்தன. இவர்களை யார் குறை சொல்வது?

வலக்கையால் உண்பது சுன்னத், அதில் மாற்றமில்லை. இடக்கையால் உண்டவரை நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்த ஹதீஸை எல்லோரும் சொல்கிறோம். அவரைத் தடுத்தது பெருமையே என்று அதே ஹதீஸில் வருவதை ஏனோ விட்டுவிடுகிறோம். நோய், காயம் போன்ற காரணமிருந்தால் குற்றமில்லை என இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். தட்டெங்கும் கையை அலையவிட்ட சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமாவுக்குப் பெருமானார் (ஸல்) சொன்னவை மூன்று: பிஸ்மி சொல், வலக்கையால் உண், உன் பக்கத்திலிருந்து எடு. அடிக்கவில்லை.

எழுதுவதற்கும் வலக்கையே சிறப்பு என்போர் உண்டு, இருக்கட்டும். பிறவியில் அமைந்த கையைப் பிரம்பால் திருத்த எனக்கு எங்கே ஆதாரம் இருந்தது?

தாயாரை டாக்டரிடம் காட்டும்படி அவர் கணவரிடம் சொன்னேன். தலைவலியோடு மனச்சோர்வையும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். சிறுவன் இப்போது வலக்கையால் உண்கிறான், இடக்கையால் எழுதுகிறான். நான் பக்கத்தில் போனால் மட்டும் அந்தக் கை இன்னும் சிலேட்டுக்கு அடியில் ஒளிகிறது.