சஞ்சலம் எங்கிருந்து வருகிறது?

பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் கணிதம் பயின்று 1927இல் பட்டம் பெற்ற ஆர்தர் யங் என்ற அமெரிக்கர், பிரபஞ்சத்தின் இயல்பை விளக்கும் தத்துவமொன்றை இயற்றவேண்டும் என்ற பெருவிருப்பம் கொண்டிருந்தும், பரீட்சைக்கு உட்படாத சிந்தனை வெறும் சொற்ஜாலமாய் முடிந்துவிடக்கூடும் என்று அஞ்சி, சடப்பொருளோடு சில காலம் போராடிப் பார்த்த பிறகே தத்துவத்தில் இறங்குவது எனத் தீர்மானித்து, அந்நாளில் எவருக்கும் சரிவரக் கைகூடாதிருந்த ஹெலிகாப்டரைத் தம் ஆராய்ச்சிக்குரிய விஷயமாக எடுத்துக்கொண்டார். பென்சில்வேனியாவில், பின்னாளில் பயோலி என்னும் ஊரின் பழைய களஞ்சியமொன்றில், அவர் செய்து பறக்கவிட்ட சிறு மாதிரிகள் எழும்பின, சாய்ந்தன, உடைந்தன. ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டு இப்படியே கழிந்தது. 1941இல் பெல் கம்பெனியில் சேர்ந்த அவருடைய உழைப்பின் பயனாக உருவான பெல் 47, 1946 மார்ச் 8ஆம் தேதி, சிவில் உபயோகத்துக்கு அங்கீகாரம் பெற்ற முதல் ஹெலிகாப்டராயிற்று. பிறகு அவர் தத்துவத்துக்கே திரும்பிவிட்டார். 1976இல் வெளிவந்த 'தி ரிஃப்ளெக்ஸிவ் யுனிவர்ஸ்' என்ற அவருடைய நூலின் முடிவுகளை நான் ஏற்பவனல்லன் என்றாலும், தத்துவத்துக்கு முன் பட்டறை என்று அவர் வகுத்துக்கொண்ட கிரமம் மிகவும் உசிதமானது என்றே எண்ணுகிறேன்.

அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரைக் கீழிருந்து காண்பவர், கனத்த உடல் சுழலியின் கீழே தொங்குவதால் அது சாய்ந்தாலும் தானே நேராகிவிடும் என்று நம்புவது இயல்பு. அந்த நம்பிக்கை பொய். உடல் சாய்ந்தால் சுழலியும் சாய்கிறது, சுழலி சாய்ந்தால் தூக்கும் விசையும் அதே பக்கம் சாய்கிறது. நிமிர்த்தித் தருவதற்கு அங்கே ஒரு சக்தியும் இல்லை. பிளேடுகளுக்குக் குறுக்காக, இரு முனையிலும் எடை தாங்கிய ஒரு கம்பியை உடன் சுழலவிடுவதே யங் கண்ட உபாயம். அச்சு சாய்ந்தாலும் தன் சுழற்சித் தளத்தைச் சிறிது நேரம் விடாது பற்றியிருக்கும் அக்கம்பி, சுழலியையும் அத்தளத்திலேயே பிடித்து வைக்கிறது. 1970ஐ ஒட்டி ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் ரேடியோவினால் கட்டுப்படுத்தப்படும் மாதிரி ஹெலிகாப்டரை நடைமுறைக்குக் கொண்டுவந்த பின், அந்த வம்சத்தைச் சேர்ந்த கம்பி, முனைகளில் சிறு துடுப்புகளோடு, ஃப்ளைபார் என்ற பெயரில் பொழுதுபோக்காளரின் கைக்கும் வந்து சேர்ந்தது. இன்று அதன் வேலையைப் பெரும்பாலும் மின்னணு ஜைரோக்கள் செய்கின்றன. இக்கம்பியை ஆன்ம சாட்சிக்கு உவமையாக்கிவிட யாருக்கும் ஆசை பிறக்கும். நான் அவ்வழியில் போகவில்லை. சிறிது நேரத்தில் கம்பியும் அச்சோடு சாய்ந்துவிடுகிறது.

என்னை ஆட்கொண்ட விஷயம் வேறு. கம்பியும் ஜைரோவும் இருந்தும் மாதிரி அந்தரத்தில் நிற்க மறுத்து ஒரு பக்கமாக நகரும்போது, அனுபவமுள்ளவர் அதை இயக்கும் கையை முதலில் குறை சொல்வதில்லை. பொறியை நிறுத்தி, மேசைமேல் வைத்து, கட்டளையை அசைவாக்கும் சிறு மோட்டார்களாகிய சர்வோக்களின் கரங்கள் செங்கோணத்தில் நிற்கின்றனவா, அவ்வசைவைப் பிளேடுகளுக்குக் கொண்டுசெல்லும் ஸ்வாஷ்பிளேட் என்னும் தட்டு அச்சுக்கு மட்டமாயிருக்கிறதா என்று நோக்குகிறார். சுழலியின் தலையைப் பிடித்துத் தூக்கி, மூக்கு தாழ்கிறதா, வால் தாழ்கிறதா என்று எடையின் மையத்தை அறிகிறார். பிளேடுகளின் நுனியில் வேறு வேறு நிறப் பட்டை ஒட்டிச் சுழலவிட்டு, எட்ட நின்று பார்த்து, இரண்டும் ஒரே பாதையில் செல்லாவிடில் மேலே செல்லும் பிளேடின் பிட்ச் என்னும் கோணத்தைக் குறைக்கிறார். முன்பு ஒரு முறை விழுந்த பொறியானால், அச்சைக் கழற்றிக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டுகிறார். கண்ணுக்குத் தெரியாத வளைவும் உருளும்போது துள்ளிக் காட்டிவிடும். வளைந்த அச்சை எந்தக் கைத்திறனும் நிமிர்த்தாது.

நம்முடைய உபந்நியாசகர்கள் மனத்தின் சஞ்சலத்தைப் பற்றிப் பேசும்போது இந்த மேசைக்கு வருவதேயில்லை. மனத்தை அடக்குவது அரிது என்று அர்ச்சுனன் முறையிட்டதையும், அப்யாசத்தாலும் வைராக்கியத்தாலும் கைகூடும் என்று கண்ணன் விடையிறுத்ததையும் ஆயிரம் மேடைகளில் எடுத்துரைக்கும் அவர்கள், கீதையின் அதே ஆறாம் அத்தியாயத்தில், அம்முறையீட்டுக்கு முன்பாகவே, மிகையாய் உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிகையாய் உறங்குபவனுக்கும் உறங்காது விழித்திருப்பவனுக்கும் யோகம் இல்லை என்று அதே கண்ணன் சொல்லிவைத்திருப்பதை ஏனோ வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆகாரமும் நித்திரையும் முந்தி, அப்யாசம் பிந்தி; கிரமம் நூலிலேயே இருக்கிறது. மணிமேகலையும் அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி தீர்த்த பிறகல்லவா அறவுரைக்கும் நோன்புக்கும் போனாள்? பட்டினியாலும் நோயாலும் கடனாலும் அலையும் ஒருவனிடம் வைராக்கியத்தைப் போதிப்பது அவனை இருமுறை தண்டிப்பதாகும்: துன்பம் ஒன்று, அத்துன்பம் தன் மனத்தின் குற்றமே என்ற வெட்கம் மற்றொன்று.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. அதற்குக் கருவியாவது, ரேடியோப் பெட்டியில் உள்ள டிரிம் என்னும் சிறு பொத்தான். பாட்டரியைச் சற்று முன்னே தள்ளிப் பொருத்தியதால் மூக்குக் கனத்து முன்னோக்கி நகரும் பொறியை, இரண்டு மூன்று தட்டுத் தட்டி டிரிமைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிடலாம். நின்றுவிட்டதே என்று மகிழ்ந்தும் போகலாம். ஆனால் கட்டுப்பாட்டுக்கென்று இருந்த தூரத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே செலவழிந்துவிட்டது. காற்று அடிக்கும்போது அந்தத் தூரம் வேண்டியிருக்கும், அப்போது அது கையிருப்பில் இராது. குற்றத்தைக் களையாமல் பரிகாரத்தை மட்டும் செய்துகொண்டே போகிறவர்களின் நிலையும் இதுதான். அநியாயமாய்ச் சேர்த்த பொருளை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் யாத்திரை போகிறவருக்கு, அந்த யாத்திரையில் கிடைக்கும் அமைதி பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அவருடைய சக்தி முழுவதையும் அது தின்றுவிடுகிறது என்பேன்.

எல்லாம் சரிபார்த்த பின்னும் ஒரு சாய்வு மிஞ்சும். பிரதான சுழலி மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளின் திசையில் சுழலும் மாதிரியில், உடல் எதிர்த் திசையில் திரும்பிவிடாதபடி வால் சுழலி வாலை இடப்புறம் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அத்தள்ளுதலால் பொறி முழுவதுமே இடப்புறம் நகர முற்படும். நகராமல் ஓரிடத்தில் நிற்கவேண்டுமானால் சற்று வலப்புறம் சாய்ந்தே நிற்கவேண்டும். இதைக் குற்றமென்று எண்ணிச் சரியாக மட்டத்துக்குக் கொண்டுவந்தால், மட்டம் கிடைக்கும், நிலை போய்விடும். ஒருவன் தன் சுபாவத்துக்குரிய கர்மத்தில் தோஷம் இருந்தாலும் அதைக் கைவிடலாகாது என்று கீதையின் இறுதி அத்தியாயம் கூறுவதன் நியாயம் எனக்கு இந்தச் சாய்வைக் கண்டபோதுதான் விளங்கியது. குடும்பி குடும்பக் கவலையோடுதான் நிற்பான்; அவனைச் சந்நியாசியின் மட்டத்துக்கு நிமிர்த்த முயன்றால் அவன் இரண்டு இடத்திலும் நில்லான்.

இவ்வளவுக்கும் பிறகே கையின் முறை வருகிறது. அப்யாசம் என்ற சொல்லுக்கு உரிய இடமும் அதுதான். புதியவன் பொறி நகர்ந்த பிறகு திருத்துகிறான்; அத்திருத்தம் பலிப்பதற்குள் அடுத்ததையும் கொடுத்துவிடுகிறான்; பொறி மறுபக்கம் பாய்கிறது, அதை அதனினும் பலமாகத் திருப்புகிறான், ஊசல் வளர்ந்துகொண்டே போகிறது. தேர்ந்தவன் நகர்வைப் பார்ப்பதில்லை, நகர்வுக்கு முந்திய சாய்வைப் பார்க்கிறான். சிறிதளவு கொடுத்து, உடனே மீட்டுக்கொள்கிறான். அச்சத்தால் தரையை ஒட்டியே பறக்கவிடுவதும் புதியவனின் வழக்கம். சுழலியின் விட்டத்துக்கும் குறைந்த அந்த உயரத்தில், பொறி தள்ளிய காற்றே தரையில் மோதித் திரும்பி அதை வழுக்கச் செய்துவிடும் என்பது அவனுக்குத் தெரிவதில்லை.

ஆகவே, மனம் நிலைகொள்ளவில்லை என்று யாரேனும் உங்களிடம் வந்து சொன்னால், உபதேசத்தைத் தொடங்குமுன் அவர் சாப்பிட்டாரா, உறங்கினாரா, வாசலில் கடன்காரர் யாரும் நிற்கிறாரா என்று தயவுசெய்து முதலில் கேளுங்கள்.