காத்துக் கொடுத்தவர்கள்

முத்துசுவாமி தீட்சிதர் 1835 இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவர் இயற்றிய ‘வாதாபி கணபதிம்’ இன்றும் வன்னிக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரத்தில் ஒலிக்கிறது. திருவாரூரில் பிறந்து, காசிவரை சென்று, வீணையோடு வாழ்ந்த ஒருவரின் இசை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளையும் ஒரு கடலையும் கடந்து முரசுமோட்டை போன்ற ஒரு வயற்கிராமத்தின் காதுக்கு எட்டியது எப்படி? உயர்ந்த கலை தானாகவே நிலைக்கும் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் பதில். அது பாதிதான் சரி என்று நினைக்கிறேன். ஓர் இசையின் உயர்வு அதைக் காக்கத் தகுந்ததாக்குகிறது. காப்பதற்கோ வேறு மனிதர்கள் வேண்டும். அவர்களுக்கு நாம் கொடுக்கும் இடம் மிகச் சிறியது. படைத்தவரே பெரியவர், காத்தவர் சுமந்துவந்தவர் மட்டுமே என்று எண்ணும்போது, படைக்கும் ஆற்றல் வாய்க்காத பெரும்பான்மையோரின் வாழ்வை நாமே தாழ்த்திவிடுகிறோம்.

தீட்சிதரின் இசை எளிதில் பரவக்கூடியதாக இருக்கவில்லை. நிதானமான காலப்பிரமாணம், வீணைத் தந்தியை இழுத்துப் பிறக்கும் கமகங்கள், செறிந்த சமஸ்கிருத சாகித்தியம் என்பவற்றை ஒருமுறை கேட்டுப் பிடித்துக்கொள்ள முடியாது. தஞ்சை நால்வர் போன்ற சில சீடர்களிடமும் தம் குடும்பத்திடமும் அவர் அதை வாய்மொழியாகவே ஒப்படைத்தார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பாடாந்தரத்தின் பெரும்பகுதி எட்டயபுரத்திலிருந்த முதியவரான சுப்பராம தீட்சிதரிடம் இருந்தது. முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு அவர் மகள்வயிற்றுப் பேரன்; பாலுசுவாமியே அவரை மகனாகத் தத்தெடுத்திருந்தார். சென்னையில் அரச உத்தியோகத்திலிருந்த சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர் அந்தச் செல்வத்தைத் தேடிப் போனார். மேல்நாட்டுப் பியானோக் கலைஞர்கள் படிக்கும் ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பில் கர்நாடக இசையை எழுதி, 1890களில் அச்சிடத் தொடங்கினார். கைப்பொருள் கரைந்தது, கண்பார்வையும் குன்றியது. குடும்ப வித்தையை ஊரறியத் தருவதற்குத் தயங்கிய சுப்பராம தீட்சிதரை இணங்கவைத்ததில் முதலியாருக்கும் எட்டயபுரம் சமஸ்தானத்துக்கும் பெரும் பங்குண்டு. அதன் பயனாக ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904 இல் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கிருதிகள் சுரக்குறிப்போடு அதில் இருக்கின்றன. முதலியார் அதைக் காணாமலே இறந்துபோயிருந்தார். நூல் வந்து இரண்டு ஆண்டுகளில் சுப்பராம தீட்சிதரும் மறைந்தார். அவ்வளவு நெருக்கத்தில் தப்பிய செல்வம் அது.

முதலியார் இல்லாவிட்டாலும் வேறொருவர் வந்திருப்பார், மேதையின் இசை எப்படியும் பிழைத்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். அச்சு உதவி இல்லாமலே தியாகராஜரின் கிருதிகள் பரவவில்லையா என்றும் கேட்கலாம். தியாகராஜருக்குச் சீடர் பரம்பரைகள் இருந்தன. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் போன்றோர் கேட்டதைச் சுவடியிலும் தாளிலும் எழுதிவைத்தனர். அப்படியிருந்தும், பல ஆயிரம் பாடியதாகச் சொல்லப்படும் அவரிடமிருந்து நமக்குக் கிடைத்தவை ஏறத்தாழ எழுநூறுதான். பிழைத்தவற்றை மட்டும் பார்த்து ‘நல்லது பிழைக்கும்’ என்று முடிவு கட்டுகிறோம். அழிந்தவை சாட்சி சொல்ல வருவதில்லை. எழுத்தில் வாழும் மேல்நாட்டு இசைக்கும் இது பொருந்தும். போலந்தில் 1810 இல் பிறந்து, 1830 இல் நாட்டை விட்டுச் சென்று, திரும்பாமலே 1849 இல் பாரிஸில் இறந்த ஷோபான், பியானோவுக்கென்றே தம் வாழ்நாளைக் கொடுத்தவர். வெளியிடாத கையெழுத்துப் படிகளை அழித்துவிடும்படி அவர் கேட்டிருந்தார். நண்பர் ஜூலியன் ஃபொன்டானா, குடும்பத்தாரின் சம்மதத்தோடு அவற்றில் பலவற்றை 1855 இல் அச்சில் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் ‘ஃபாண்டசி இம்ப்ராம்ப்டு’ அவற்றில் ஒன்று. நண்பரின் விருப்பத்தை மீறியது சரியா என்பது தனிக் கேள்வி. ஆனால் அந்த இசை நம்மிடம் இருப்பது, எடுத்து வைத்த ஒருவரால்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. இசை தாளில் அடங்குமா? ஒரு ராகத்தின் உயிர் சுரங்களுக்கு நடுவே இருக்கிறது. எழுதிவைப்பவர் எலும்பைத்தான் காக்கிறார் என்பார்கள். சுப்பராம தீட்சிதர் இதை நன்றாக அறிந்திருந்தார். அதனால்தான் கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்களை வகுத்து நூலில் பயன்படுத்தினார். சுரங்கள் அசையாது நிற்கும் பியானோவிலும் இதே சிக்கல் உண்டு. இடதுகை காலத்தைப் பிடித்து நிற்க, வலதுகை அதன்மேல் நெகிழ்ந்து செல்லவேண்டும் என்று ஷோபான் கற்பித்ததாக அவருடைய மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த நெகிழ்வைத் தாளில் முழுதாக எழுத முடியாது. ஆகவே குரு வேண்டும், கேள்வி ஞானம் வேண்டும். என்றாலும், குருவின் குரல் அடங்கிய பிறகு எலும்பாவது இருந்தால்தான் அதற்கு மீண்டும் தசை வளர்க்கலாம். குறிப்பு முழுமையற்றது என்பதை, குறிப்பே வேண்டாம் என்பதற்கு நியாயமாக ஏற்க முடியாது.

வன்னியில் வாழும் நமக்கு இந்தக் கேள்வி தொலைவிலுள்ள ஒன்றல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்த 97,000 நூல்களைப் பற்றிப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். நூலகத்துக்குள் ஒருபோதும் வராதவையும் இங்கே அழிந்தன. காத்தவராயன் கூத்தையும் கோவலன் கூத்தையும் அண்ணாவிமார் கொப்பிகளிலும் நெஞ்சிலும் வைத்திருந்தார்கள். 2009 வரை நீண்ட போரின் இடப்பெயர்வுகளில் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் கொப்பியை எப்படித் தூக்குவார்கள்? அருவிவெட்டுப் பாட்டுக்கு நேர்ந்தது வேறு. வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கியதும், அந்தப் பாட்டைப் பாடும் வேளையே இல்லாமல் போனது. முதலில் வீடும் கிணறும் கடனும்தானே, பாட்டைப் பிறகு பார்க்கலாம் என்பதில் நியாயம் இருக்கிறது. பசித்தவரிடம் பண்பாட்டைப் பற்றி உபதேசிப்பது கொடுமை. ஆனால் வீட்டைப் பத்து ஆண்டு கழித்தும் கட்டலாம், எண்பது வயதுப் பாட்டுக்காரர் பத்து ஆண்டு காத்திருக்கமாட்டார். ஒரு கைத்தொலைபேசியும் ஒரு பின்னேரமும் இருந்தால் பாட்டை ஒலியாகப் பதியலாம். பாடியவர் யார், எந்த ஊர், எந்த வேலையின்போது பாடியது என்பதையும் அதோடு எழுதிவைத்தால், பின்னால் வருபவருக்கு அது வெறும் ஓசையாக இராது.

காப்பது என்றால் கதவைப் பூட்டிக்கொள்வது என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆங்கிலேயப் பட்டாள இசைக்குழுக்களின் மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரங்கள் தந்தவர் இதே தீட்சிதர்தான். பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டும் அவற்றில் உண்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி ஐரோப்பிய வயலினைக் கற்று, அதை நம் இசைக்குள் கொண்டுவந்தார். தம்முடையதை ஆழமாக அறிந்தவர்களால் பிறருடையதை அச்சமின்றி ஏற்க முடிந்தது. நம் பாடசாலைகள் பிள்ளைகளிடம் ‘நீ என்னவாகப் போகிறாய்?’ என்று மட்டுமே கேட்கின்றன. ‘நீ எதைக் காத்துக் கொடுக்கப் போகிறாய்?’ என்றும் கேட்கவேண்டும். ஒரு தலைமுறையில் தீட்சிதராகவோ ஷோபானாகவோ ஆகக்கூடியவர் ஒருவரோ இருவரோ. சின்னசாமி முதலியாராக ஆவதற்கு மேதைமை தேவையில்லை. அன்பும் பொறுமையும் போதும். அந்த வாழ்வும் முழுமையான வாழ்வு என்று நாம் ஒப்புக்கொண்டால்தான், எஞ்சியிருப்பவற்றை எடுத்துவைக்க இங்கே ஆட்கள் முன்வருவார்கள்.